கொடி இறங்கும் வரைக்கும்

உபதேசியார் சவரிநாதன் பக்கத்தில் உட்கார்ந்தால் ஒருத்தரும் சாக மாட்டேன் என்கிறார்கள் என்பதுதான் அவர்மேல் இருந்த புகார்.

ராயபுரம் கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த சின்ன மாதா கோயிலில் அவருக்கு இருபத்திரண்டு வருஷ உத்தியோகம். பங்குச்சாமி இல்லாதபோது ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, கல்யாணத்தைக் கோயிலில் அறிவிக்கும் ஓலை வாசிப்பது, எல்லாவற்றுக்கும் மேலாக, சாகக் கிடக்கிறவர்களின் தலைமாட்டில் உட்கார்ந்து அவர்களை நல்ல மரணத்துக்குத் தயார் செய்வது. மற்ற வேலைகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கடைசி வேலையில்தான் மனுஷன் தொடர்ந்து கோட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அது 1942. ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஏப்ரலில் பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியிருந்தது. ஓடியவர்களில் பாதிப் பேர் ஆடி பிறந்தும் திரும்பவில்லை. மாதா சப்பரத்தைத் தூக்கும் பன்னிரண்டு ஹார்பர் ஆட்களும் ஆற்காடு, திண்டிவனம் என்று மாமியார் வீடுகளில் பத்திரமாக இருந்தார்கள். இங்கே மிஞ்சியவர்கள் நடக்க முடியாதவர்களும், அவர்களை விட்டுவிட்டுப் போக முடியாதவர்களும். அரிசிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பொழுது சாய்ந்தால் விளக்கு காட்டக் கூடாது என்று உத்தரவு. தெருவே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

முதலில் பிழைத்தவள் சிலுவையம்மாள். கூட்ஸ் ஷெட் வாசலில் வறுத்த மீன் விற்றவள், மஞ்சள் காமாலையில் விழுந்தாள். கல்மண்டபத்தில் டிஸ்பென்சரி வைத்திருந்த டாக்டர் சங்கரநாராயணன் வந்து கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை" என்று சொல்லிவிட்டுப் போனார். வைத்தியத்தில் அவர் எப்படியோ, தேதி சொல்வதில் புலி. அவர் வெள்ளிக்கிழமை என்றால் உறவுக்காரர்கள் வியாழக்கிழமையே ரயில் ஏறிவிடுவார்கள்.

சவரிநாதன் புதன்கிழமை போய் உட்கார்ந்தார். மரணம், சர்வேசுரனின் தீர்வை, மோட்சம், நரகம் என்று வரிசையாகத் தொடங்கினார். சிலுவையம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"போதும் உபதேசியாரே. எனுக்கு எல்லாம் பூட்ச்சி. இப்டியே படுத்துகினு போயிடறேன்."

அந்தக் குரலைக் கேட்டதும் அவருக்கு மனப்பாடம் செய்த பிரசங்கம் மொத்தமும் மறந்துபோயிற்று. வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"அதுக்கில்ல சிலுவ. திருவியா ஓலைல உன் பேர பூத்தட்டுக்கு எயிதிட்டேன். இப்ப இன்னா பண்றது?"

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம் இருந்தது. சப்பரத்தில் எந்தத் தோள் யாருக்கு, பூத்தட்டு யாருக்கு, குடை யாருக்கு என்று எழுதிப் பூசை முடிந்ததும் வாசிப்பதுதான் திருவிழா ஓலை. ஓலையில் ஏறிய பேரைக் கொடி இறங்கும் வரைக்கும் யாரும் அடிக்க முடியாது. பேருக்குரியவர் அதற்குள் செத்துப்போனால் இடம் பிள்ளைகளுக்குப் போகாது. வரிசையில் அடுத்தவருக்குத்தான் போகும். அந்த அடுத்தவர் எப்போதும் நமக்குப் பிடிக்காதவராகத்தான் இருப்பார்.

சிலுவையம்மாள் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "எனுக்கு அட்த்து யாரு?"

"உன் நாத்தனாரு."

அவள் சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பினாள். "அந்தப் பேமானிக்கா?" என்றாள். வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் அதைத் தனக்குச் செய்த அவமரியாதையாக எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனார்.

உண்மையில் சவரிநாதன் அவள் பேரை எழுதியிருக்கவே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு ஓடிப்போய்த்தான் எழுதினார். எழுதி முடித்ததும் மற்ற இடங்கள் காலியாகக் கிடந்தது கண்ணில் பட்டது. பன்னிரண்டு தோள்கள்.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. டாக்டர் தேதி சொன்ன வீட்டிலெல்லாம் ஓலை நோட்டோடு போய் நின்றார். காசிமேட்டுக் குப்பத்தில் பொன்னுரங்கம் என்று ஒரு கட்டுமரக்காரர், காலும் வயிறும் வீங்கி, மூன்று மாதமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"நான் மாரியாத்தா கோயிலு ஆளு உபதேசியாரே. என்னிய போயி கேக்கறியே" என்றார் பொன்னுரங்கம்.

"மாதா தோளத்தான் மாமு கேக்கறா. எந்தக் கோயிலுன்னு கேக்கல."

பொன்னுரங்கம் யோசித்தார். "முன் தோளா, பின் தோளா?"

"முன் தோளு. வலது."

"அப்ப சரி. எயிதிக்க."

ஆகஸ்ட் நடுவில் பன்னிரண்டு தோள்களும் நிரம்பின. ஒவ்வொரு தோளுக்கும் டாக்டரின் நோட்டில் ஒரு தேதி இருந்தது. தேதிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. ஆட்கள் போகவில்லை.

இதில் முதலில் வாய் திறந்தவர் தச்சர் தாமஸ். டாக்டர் தேதி சொன்னதும் ஆளை ஜன்னல் வழியாகப் பார்த்தே அளவெடுத்துச் சவப்பெட்டி அடித்துவிடுவது அவர் பழக்கம். கடைசி நேரத்தில் பலகைக்கு அலையக் கூடாதே என்கிற நல்ல எண்ணம்தான். இப்போது பட்டறையில் பெட்டிக்குமேல் பெட்டியாகக் கூரை வரைக்கும் நின்றது. கீழ்ப்பெட்டிகளில் கோழி முட்டையிட்டது.

"இந்த உபதேசியாரு உபதேசம் பண்றாரா, என் பொயப்புல மண்ணப் போட்றாரா?" என்று பங்குச்சாமியிடம் போய் நின்றார்.

பங்குச்சாமி திருச்சிப் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் மூக்குப்பொடி டப்பாவைத் தட்டுவார். அன்றைக்குச் சவரிநாதனைக் கூப்பிட்டு நிறையத் தட்டினார்.

"என்னய்யா சவரிநாதா, மோட்சத்தைப் பத்தி நீ பேசுறதே இல்லையாமே?"

"பேசுனா ஒடனே கெளம்பிடறாங்க சாமி."

"கிளம்பணும்னுதானய்யா உன்னை அனுப்புறோம்!"

"விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம், மூணுல ஒண்ணு கொறஞ்சாலும் ஆத்துமம் கரையேறாதுன்னு நீங்கதான சாமி தவக்காலத்துல சொன்னீங்க? இவுங்களாண்ட நம்பிக்கை சுத்தமா காலியா கீது. கொஞ்சம் ரொப்பி அனுப்பலாம்னு பாத்தேன். ரொப்புனா போவ மாட்டேங்கறாங்க."

"நம்பிக்கைங்கிறது சர்வேசுரன்மேல வைக்கிறது. பூத்தட்டு மேல வைக்கிறதில்ல."

"படுத்துகினு கீறவனுக்குச் சர்வேசுரன் ரொம்ப ஒயரத்துல கீறாரு சாமி. பூத்தட்டுன்னா கைக்கு எட்டுது."

பங்குச்சாமி ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு நாலு தும்மல் தும்மினார். தும்மி முடிந்தபோது கோபம் இறங்கியிருந்தது. "சப்பரம் கீழ விழுந்துச்சு, நீதான் பதில் சொல்லணும்" என்று அனுப்பிவிட்டார்.

ஊருக்கெல்லாம் இப்படி உபதேசம் செய்த சவரிநாதனுக்குத் தன் வீட்டுக்குள் வந்தால் வாய் ஒட்டிக்கொள்ளும். மனைவி வியாகுலம்மாளுக்கு நெஞ்சில் காசம். இருமினால் துணியில் ரத்தம் படும். "ஆவணி தாண்டாது" என்று டாக்டர் அவரை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். அதை வெளியே சொல்லாமல், உள்ளேயும் வைத்துக்கொள்ள முடியாமல், அவர் வீட்டில் இருக்கும் நேரத்தையே குறைத்துக்கொண்டார். அடுத்தவர் கட்டிலடியில் அவர் சிங்கம். இந்தக் கட்டிலடியில் உட்கார அவருக்குப் பயம்.

ஒருநாள் மத்தியானம் அவளே பிடித்துக்கொண்டாள்.

"இன்னாய்யா, ஊருக்கெல்லாம் உபதேசம். எனுக்கு மட்டும் ஒண்ணியும் காணோம்?"

"உனுக்கு இன்னாமே, நீ நல்லாத்தான கீறே."

"டாக்டரு சொன்னது எனுக்கும் கேட்ச்சி. இந்தச் செவுரு எவ்ளோ மெல்லிசுன்னு உனுக்குத் தெரியாது?"

சவரிநாதன் அவசரமாக ஓலை நோட்டைப் புரட்டினார். குடை, மணி, தூபம், பூத்தட்டு எல்லாம் நிரம்பிவிட்டன. எல்லா இடத்தையும் ஊருக்குக் கொடுத்துவிட்டுப் பெண்டாட்டிக்கு ஒன்றும் மிச்சம் வைக்காத மடையன் நான் என்று மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டார். அப்போதுதான் கொடி ஞாபகம் வந்தது. திருவிழா முடிந்த மறுநாள் கொடியை அவரே இறக்கி, சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்து கட்டில்மேல் போடுவார். அதற்கென்று ஓலையில் யார் பேரும் இருந்ததே கிடையாது. பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார்: கொடி வாங்க, வியாகுலம்மாள்.

எழுதியதைப் படித்துக் காட்டியதும் அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்து, அவர் முதுகைத் தடவிவிட்டுத் தண்ணீர் கொடுத்த பிறகும் சிரித்தாள்.

"கொடி எறங்கற வரிக்கும் இருமே" என்றார். கெஞ்சலாகத்தான் வந்தது.

"அப்பால?"

"அப்பால... பாத்துக்கலாம்."

"சரி, இருக்கறேன். ஆனா நீதான் கொடிய எறக்கி எங்கைல குடுக்கணும். வேற யாரும் குடுக்கக் கூடாது."

ஆகஸ்ட் முப்பதாம் தேதி காலையில் சவரிநாதன் வீட்டு மேஜைமேல் மடித்து வைத்திருந்த கொடியை எடுத்துக்கொண்டு போய் ஏற்றினார். வருஷா வருஷம் அது அந்த மேஜைமேல்தான் இருக்கும். வெள்ளையில் நீலக் கரை, நடுவில் மாதா. கடல்காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது.

செப்டம்பர் எட்டாம் தேதி சப்பரம் புறப்பட்டது. இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று உத்தரவு. வழக்கமாக ஒரு மணி நேரத்தில் முடிகிற சுற்று. பங்குச்சாமி முன்யோசனையோடு பகல் பன்னிரண்டு மணிக்கே மந்திரித்து அனுப்பிவிட்டார். பன்னிரண்டு பேரும் தோள் கொடுத்தார்கள். சப்பரம் எழுந்தது. இருபது அடி போனது. நின்றது.

சப்பரம் கோயிலை விட்டுக் கிளம்பினால் திரும்பி வரும் வரைக்கும் தரையில் படக் கூடாது. தூக்கி நிற்கவும் இவர்களுக்கு மூச்சு இல்லை. கூட்டமே தண்டுகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு தவித்தபோது தாமஸ் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினார். இரண்டு கைவண்டிகளில் பன்னிரண்டு பேரின் சவப்பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று அடுக்கிச் சப்பரத்தின் தண்டுகளைப் பெட்டிகள்மேல் வைத்தார்கள். மாதா அசையாமல் நின்றாள். மீதிப் பெட்டிகளை ஓரமாகப் போட்டதும் தூக்கியவர்கள் உட்கார்ந்தார்கள். அவரவர் நீளத்தைப் பார்த்து அவரவர் பெட்டியை அடையாளம் கண்டுபிடிக்க யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.

"இன்னா தாமஸு, எனுக்கு மட்டும் இவ்ளோ அகலமா?" என்றார் பொன்னுரங்கம், பலகையைத் தடவிப் பார்த்து.

"வவுறு வீங்கி கீதேன்னு ஒரு சாண் சேத்துப் போட்டேன் மாமு."

"ஜோராத்தான் கீது. குந்துறதுக்கு நல்ல வசதி."

இப்படியே இருபது அடி நடை, கால் மணி நேரம் உட்காரல். சிலுவையம்மாள் பூத்தட்டோடு முன்னால் போய், திரும்பித் திரும்பி நாத்தனாரைப் பார்த்துப் பூவைத் தூவினாள். கல்மண்டபம் வந்தபோது மணி மூன்று. டாக்டர் சங்கரநாராயணன் சத்தம் கேட்டு டிஸ்பென்சரி வாசலுக்கு வந்தார். முன் தண்டைப் பார்த்தார். "இவர் ஜூலை பத்தொன்பது" என்றார். அடுத்தவரைப் பார்த்தார். "இவர் ஆகஸ்ட் மூணு ஆச்சே!" கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசித் தோள் வரைக்கும் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கூப்பினார். மாதாவுக்கா, நோயாளிகளுக்கா என்பது அவருக்கே தெரியாது.

பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் சப்பரம் கோயிலுக்குள் வந்து சேர்ந்தது. ஒருத்தரும் விழவில்லை. சவரிநாதன் அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தை அதற்கு முன் பட்டதில்லை.

மறுநாள் காலைப் பூசை முடிந்து கொடியை இறக்கக் கொடியடிக்கு வந்தபோதுதான் அவர்களைப் பார்த்தார். பன்னிரண்டு பேரும் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, தலைக்குக் குளித்து, வரிசையாக நின்றார்கள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்திருந்தார்கள். சிலுவையம்மாள் மீன் வறுக்கும் சட்டியைப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"வந்த வேல முடிஞ்சிது உபதேசியாரே. எறக்குங்க, போறோம்" என்றார் பொன்னுரங்கம். குரலில் வருத்தமே இல்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டதே என்கிறவர் மாதிரி சொன்னார்.

சவரிநாதனுக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் விளங்கியது. இவர்களுக்கு அவர் கொடுத்தது நம்பிக்கை இல்லை. டாக்டர் ஒரு தேதி கொடுத்தார். இவர் இன்னொரு தேதி கொடுத்திருந்தார். அவ்வளவுதான். கொடிமரத்துக்குக் கீழே வியாகுலம்மாள் நீலப் புடவை கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் ஏந்தி நின்றுகொண்டிருந்தாள். எலும்பும் தோலுமான கைகள். கொடி அதில் வந்து விழுந்தால் அவள் போய்விடுவாள்.

கயிற்றை அவிழ்ப்பது போல் போய், இன்னும் இரண்டு முடிச்சுப் போட்டார்.

"எறக்குய்யா" என்றார் பங்குச்சாமி.

"சிக்கிகிச்சி சாமி."

"எங்க சிக்கிச்சு?"

"மேல."

தாமஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறினார். அவருக்கு இன்றைக்குப் பன்னிரண்டு பெட்டியும் விலைபோகிற நாள். ஊரில் கொடி இறங்க வேண்டும் என்று அவரைவிட ஆசைப்பட்டவர் கிடையாது. மேலே போய்ப் பார்த்தார். கப்பி சுத்தமாக இருந்தது. கயிறு எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது. கீழே பார்த்தார். சவரிநாதன் முடிச்சைக் கையால் மறைத்துக்கொண்டு அண்ணாந்து நின்றார். அவருக்குப் பக்கத்தில் ஏந்திய கையோடு வியாகுலம்மாள்.

தாமஸ் ரொம்ப நேரம் மேலேயே இருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"படா சிக்கலா கீது சாமி. ஒண்ணியும் பண்ண முடியாது."

கொடி இறங்காவிட்டால் திருவிழா முடியவில்லை. திருவிழா முடியாமல் ஓலையில் இருக்கிறவர்கள் எப்படிப் போவது? பன்னிரண்டு பேரும் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினார்கள். சிலுவையம்மாள் சட்டியைத் திரும்ப வாங்குவதற்குள் பக்கத்து வீட்டில் ஒரு சண்டையே நடந்தது. கடலிலிருந்து பார்த்தால் ஏதோ கொடி தெரிகிறதே, யுத்த காலத்தில் இது யார் கொடி என்று ஹார்பரிலிருந்து ஒரு சேவகன் விசாரிக்க வந்தான். "எங்க உபதேசியார் கொடி" என்று சொல்லியனுப்பிவிட்டுப் பங்குச்சாமி தும்மினார். ஆவணி முடிந்தது. டாக்டர் நோட்டில் வியாகுலம்மாள் பேருக்கு நேரே ஒரு கேள்விக்குறி போட்டார். சவரிநாதன் தினமும் காலையில் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கினார்.

புரட்டாசி பிறந்த நாலாம் நாள் மத்தியானம், கடற்கரையில் தன் கட்டுமரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முன் தோள் வலதின் பெருமையை யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்த பொன்னுரங்கம் பேச்சின் நடுவிலேயே போய்விட்டார்.

சவரிநாதன் தலைதெறிக்க ஓடினார். குப்பத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் பாதிச் சிரிப்பு இருந்தது.

"கொடி எறங்கலியே மாமு!" என்று சவரிநாதன் பிணத்தோடு சண்டை போட்டார். "இன்னும் மேலதான கீது! நீ எப்பிடிப் போவலாம்?"

பொன்னுரங்கத்தின் பெண்சாதி பச்சையம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"கொடியால ஒண்ணியும் இல்ல உபதேசியாரே. மூணு மாசமா செவுத்தப் பாத்துகினு கெடந்த மனுசன், கடலப் பாத்துகினு போனாரு. அது போதும் எனுக்கு."

தாமஸ் அகலமான பெட்டியைக் கைவண்டியில் கொண்டுவந்து நின்றார். எங்கள் ஆட்கள் பாடையில்தான் போவார்கள் என்று குப்பத்துக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனால் தூக்குவதற்கு, சப்பரத்தில் பழகிய பதினோரு தோளும் வந்து வரிசையாக நின்றபோது யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முன் தோள் வலது காலியாக இருந்தது. சவரிநாதன் போய்த் தோள் கொடுத்தார். இருபது அடிக்கு ஒருதரம் நின்று நின்று, சுடுகாடு போய்ச் சேர வெகு நேரம் ஆனது. வழியெல்லாம் அவருக்கு ஒரே நினைப்புதான். முடிச்சு யாரையும் பிடித்து வைக்கவில்லை. வியாகுலம்மாளையும் வைக்காது.

மறுநாள் காலையில் எழுந்தபோது வியாகுலம்மாளைக் கட்டிலில் காணவில்லை. பதறிக்கொண்டு வெளியே ஓடினார். அவள் கொடிமரத்தடியில் நல்ல வெயிலில் மூச்சு வாங்க நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எறக்குய்யா" என்றாள்.

"சிக்கிகினு..."

"நீ போட்ட முடிச்ச நான் மொத நாளே பாத்துட்டேன். உங்கூத்து எப்ப முடியும்னு பாத்துகினு கெடக்கறேன். மூணு வாரமா உப்புக் காத்துல அட்ச்சி, கரையெல்லாம் நூல் நூலா போவுது பாரு. எறக்கு."

சவரிநாதன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "மாட்டேன்மே. எறக்குனா நீ பூடுவ."

"யாரு சொன்னா?"

"கொடி எறங்கற வரிக்கும்னுதான நீ சொன்ன?"

"அத்த சொன்னது நீய்யா. நான் அப்பாலன்னு கேட்டேன். நீ பாத்துக்கலாம்னே." வியாகுலம்மாள் கொடிமரத்தைப் பிடித்துக்கொண்டு இருமி முடித்தாள். "இருவத்தி ரெண்டு வருசமா இந்தக் கொடிய கட்டுலு மேல தூக்கிப் போட்டுட்டுப் போறியே, மறு வருசம் மேஜ மேல எப்டி வருது? வானத்துலேந்து சம்மனசு எறங்கி வந்து வெக்கிதா?"

சவரிநாதன் கொடியை அண்ணாந்து பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் அதை அவர் யோசித்துப் பார்த்ததில்லை.

"நான்தான்யா தோய்க்கறேன். கியிஞ்சத தைக்கறேன். வசம்பு வெச்சி, பூச்சி அரிக்காம மாசம் ஒருதபா வெயில்ல காட்டி எட்த்து வெக்கறேன். கொடி வாங்குறவ சும்மா வாங்கிகினு நின்னா ஆச்சா? மறு வருசம் ஏத்தறதுக்கு அவதான குடுக்கணும்! அத்த ஓலைல எயிதி, எம்பேரப் போட்டு, கோயில்ல வாசிச்சும் வுட்டே. அதான் சிரிச்சேன். தெரிஞ்சிதான் எயிதினியோன்னு ஒரு நிமிசம் சந்தோசம் கூட பட்டுட்டேன்."

அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஊரில் பதிமூன்று பேருக்கு ஓலை எழுதி உபதேசம் செய்த வாய்க்கு அழத்தான் தெரிந்தது.

"நீ போவக் கூடாதுமே. வேற ஒண்ணியும் சொல்ல எனுக்குத் தெரியல. நீ இல்லாங்காட்டி எனுக்குச் சோறு எறங்காது."

"இது நல்ல உபதேசம்" என்றாள் வியாகுலம்மாள். "மொதல்லயே இத்த சொல்லி இருக்கலாம்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "போறதும் இருக்கறதும் சர்வேசுரன் கைல. கொடி எங்கைல. எறக்கு."

அவர் முடிச்சுகளை அவிழ்த்தார். இறுக்கிப் போட்ட முடிச்சு. பல்லால் கடிக்க வேண்டியிருந்தது. கொடி இறங்கி வந்து அவள் ஏந்திய கைகளில் விழுந்தது. அவள் போகவில்லை. கரையைப் பிரித்து எங்கெங்கே கிழிந்திருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தாள்.

கொடி இறங்குவதைப் பார்த்துவிட்டுப் பதினோரு பேரும் பதறிக்கொண்டு ஓடிவந்தார்கள். என்ன செய்வது, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வதா என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

"இன்னா நின்னுகினு கீறீங்க? அட்த்த வருசம் இருவது அடிக்கு ஒருதபா குந்தக் கூடாது. முப்பதாவது நடக்கணும். போங்க, போயி சாப்டுங்க" என்றாள் வியாகுலம்மாள். பிறகு தாமஸைப் பார்த்தாள். "தாமஸ் அண்ணே, எனுக்குன்னு ஒரு பொட்டி அட்ச்சி வெச்சி கீறியாமே?"

தாமஸ் தரையைப் பார்த்தார். சப்பரத்துக்குக் கொண்டுவராமல் மறைத்து வைத்திருந்த பெட்டி அது.

"கொண்டா. டிரங்குப் பொட்டி துருப் புடிச்சி, கொடில கறை ஏறுது. பலகப் பொட்டின்னா நல்லது."

பெட்டி வந்து கட்டிலுக்கு அடியில் சரியாகப் போய் உட்கார்ந்தது. அவள் அளவுக்குச் செய்தது. கொடிக்கு ரொம்பப் பெரிசு. ஒரு மூலையில் வசம்பு போட்டாள். திருவிழாப் புடவையை வைத்தாள். ஓலை நோட்டை வைத்தாள். இன்னும் இடம் இருந்தது.

"நீல நூலு வாங்கியா" என்று அவரை அனுப்பினாள்.

கல்மண்டபம் முனையில் சாபிரா பீவி நூலும் வளையலும் விற்றுக்கொண்டிருந்தாள். சவரிநாதன் நீல நூல் கேட்டார். அவள் இரண்டு கண்டுகளை எடுத்துப் போட்டாள்.

"இது சட்டுனு நஞ்சி பூடும். இது கெட்டி. உனுக்கு எத்தினி நாளைக்கு வரணும் நைனா?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். ஆவணி வரைக்கும், கொடி வரைக்கும் என்று எண்ணியே பழகிய மனசு ஒரு தேதியைத் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை.

"தெரியலம்மா" என்றார். "கெட்டியாவே குடு."

சொல்லிவிட்டு, பட்டப்பகலில், கல்மண்டபம் முனையில் நின்றுகொண்டு ஓவென்று அழுதார். சாபிரா பீவி முக்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்துவிட்டு, நூலைக் காகிதத்தில் சுற்றினாள்.